கல்லுக்கு நாள் பார்க்கலாம், காய்ச்சலுக்குப் பார்க்க முடியாது

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. நாங்கள் படுவான்கரையில், மண்டூர்ப் பக்கம். அம்மாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தம், பிறஷரும் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன் இடது விலாவில் குத்து வந்து ஸ்கான் எடுத்தோம். இடது சிறுநீர்க்குழாயில் 9 மி.மீ. கல், சிறுநீரகம் கொஞ்சம் வீங்கியிருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். கிளினிக்கில் திகதி தந்திருக்கிறார்கள். முந்தநாள் இரவு மேல் உதறி நடுங்கிக் காய்ச்சல் வந்தது. பெனடோல் கொடுத்ததும் விட்டது. நேற்றுப் பின்னேரம் மறுபடியும் நடுங்கியது. விலா நோ இப்போது இல்லை. சலம் சோதித்தோம், கிருமி இல்லை என்று ரிப்போட். கண்ணகை அம்மன் சடங்கு நடக்கிறது, அதன் முடிவில் வரும் குளிர்த்தி முடிந்த பிறகு போவோம் என்கிறார் அம்மா. போன வருடம் எங்கள் அயலில் ஒருவர் கல்லோடு காய்ச்சல் வந்து மூன்றாம் நாள் இறந்துபோனார். கல்லால் மனிசர் சாவார்களா? இன்னொன்று: என் மாமிக்கும் இப்படி வந்தபோது கல்லை எடுக்காமல் ஒரு டியூப்பை மட்டும் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மக்களை இரண்டு தரம் அலைய வைத்து மினக்கெடுத்தவா இப்படிச் செய்கிறார்கள்?
ஒரு மகள், மண்டூர்

பதில்: அம்மாவைக் கூட்டிக்கொண்டு முதலில் வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள், மிச்சத்தை வழியில் வாசிக்கலாம். கிளினிக் நாளைப் பார்க்க வேண்டாம். வெளிநோயாளர் வரிசையிலும் நிற்க வேண்டாம். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய் இதைச் சொல்லுங்கள்: "இடது சிறுநீர்க்குழாயில் 9 மி.மீ. கல் இருக்கிறது, சீனி வருத்தக்காரர், இரண்டு நாளாக நடுங்கிக் காய்ச்சல்." இந்த மூன்றும் ஒன்றாகக் காதில் விழுந்தால் எந்த மருத்துவரும் அவரை வாங்கில் இருத்தி வைக்கமாட்டார். "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால், டெங்குக்கு இரத்தம் எடுத்துவிட்டுக் காத்திருக்கச் சொல்ல இடமிருக்கிறது.

1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், அழைத்துப் பாருங்கள். அது வரத் தாமதமாகும் என்றால் கிடைக்கிற வாகனத்தில் ஏறுங்கள். குருமண்வெளிப் பாதைப் படகுக்காகத் துறையில் காத்து நின்று நேரத்தைக் கரைக்காமல் பட்டிருப்புப் பாலத்தால் களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள். அங்கே சேலைனும் முதல் ஊசி மருந்தும் தொடங்கிய பிறகு, தேவைப்பட்டால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அவர்களே அனுப்புவார்கள். மருந்து ஏறியபடி போகிற நோயாளிக்கும் வெறுமனே ஓட்டோவில் குலுங்கிப் போகிற நோயாளிக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. ஆகவே "பெரிய ஆஸ்பத்திரிக்கே நேரே போவோம்" என்று வழியில் உள்ளதைத் தாண்டிப் போக வேண்டாம்.

இனி உங்கள் முதல் கேள்வி. ஆம், சாவார்கள். வெறும் கல் ஆளைக் கொல்வது அபூர்வம். கல் வழியை அடைத்து, அடைபட்ட நீரில் கிருமி சேரும்போதுதான் உயிருக்கு ஆபத்து வருகிறது. சிறுநீரகத்திலிருந்து சலப்பைக்கு இறங்கும் குழாயின் நீளம் 25 முதல் 30 சென்ரிமீற்றர். உட்துவாரமோ 3, 4 மி.மீ. தான். அதிலும் மூன்று இடம் ஒடுக்கம்: சிறுநீரகத்தை விட்டுக் குழாய் தொடங்கும் இடம், இடுப்பில் பெரிய இரத்தக் குழாய்களைக் கடக்கும் இடம், சலப்பைக்குள் நுழையும் இடம். இந்த மூன்றில் ஒன்றில்தான் கல் பெரும்பாலும் இறுகும்.

வாய்க்காலில் மடை அடைபட்டால் தண்ணீர் பின்னுக்கு ஏறி வரம்பை உடைக்கும். சிறுநீரகத்திலும் அதுதான் நடக்கிறது. மேலே தேங்கிய நீரில் கிருமி பெருகிச் சீழாகும். சிறுநீரகம் தொடர்ந்து நீரை இறக்கிக்கொண்டே இருப்பதால் உள்ளே அழுத்தம் ஏறும். ஓர் அளவுக்கு மேல் அந்தச் சீழ்நீர் பின்னோக்கித் தள்ளப்பட்டு, சிறுநீரகத்தின் மெல்லிய நாளங்கள் வழியே நேரே இரத்தத்தில் கலக்கும். உங்கள் அம்மாவின் மேல் உதறி நடுங்கியது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். பல் கிட்டி, கட்டில் ஆட நடுங்கும் குளிர், கிருமி இரத்தத்துக்குள் போவதன் மிக நம்பகமான வெளி அடையாளங்களில் ஒன்று.

கிருமி இரத்தத்தில் கலந்ததும் உடம்பு தன் எதிர்ப்பைக் கட்டுப்பாடில்லாமல் அவிழ்த்து விடுகிறது. இரத்தக் குழாய்கள் விரிந்து கசிகின்றன, பிறஷர் விழுகிறது, சிறுநீரகமும் நுரையீரலும் மூளையும் இரத்தம் போதாமல் ஒவ்வொன்றாகத் தளர்கின்றன. இதற்குப் பெயர்தான் செப்சிஸ். சேலைன் ஏற்றியும் பிறஷர் எழும்பாமல், அதைத் தாங்கிப் பிடிக்கத் தொடர்ந்து மருந்து ஓட வேண்டிய நிலைக்குப் போய்விட்டால் அது செப்ரிக் ஷொக். அந்தக் கட்டத்தில், நல்ல வைத்தியசாலைகளிலும் பத்துப் பேரில் நான்கு பேர் வரை இறக்கிறார்கள். உங்கள் அயலவர் மூன்றாம் நாள் இறந்தது கேட்கக் கொடுமையாக இருந்தாலும், இந்த நோய்க்கு மூன்று நாள் என்பது குறுகிய காலமல்ல.

இங்கே அன்டிபயோட்டிக் மட்டும் ஏன் போதாது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். உங்கள் மாமியின் டியூப்புக்கான விடையும் அதில்தான் இருக்கிறது. மருந்து இரத்தத்தில் போகிறது. அடைபட்ட சிறுநீரகம் வடிப்பதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடுவதால் சீழ் இருக்கிற இடத்துக்கு மருந்து சேர்வதில்லை. கல்லின் மேல் படை படையாக ஒட்டியிருக்கும் கிருமியை அது தொடுவதுமில்லை. அமெரிக்காவில் கல்லும் செப்சிஸும் சேர்ந்து வந்த 1,712 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2013 இல் வெளியிட்டார்கள். அடைப்பு வடியவிடப்பட்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 9 பேரும், வடியவிடப்படாதவர்களில் 19 பேரும் இறந்திருந்தார்கள். இரு பகுதியினரும் வைத்தியசாலைச் சிகிச்சையில் இருந்தவர்களே.

உங்கள் கடிதத்தில் ஆறுதலாக எழுதிய மூன்று விஷயங்கள்தான் எனக்குப் பயம் தருகின்றன.

பெனடோல் கொடுத்ததும் காய்ச்சல் விட்டது என்கிறீர்கள். பெனடோல் வெப்பத்தை இறக்கும், கிருமியைத் தொடாது. நான்கைந்து மணித்தியாலத்துக்கு நோயை மறைத்து வைக்கும், அவ்வளவுதான். நோவுக்காக டைக்குளோபெனாக் மாத்திரையோ மலவாசலில் வைக்கும் மருந்தோ வீட்டில் மிச்சமிருந்தால் இப்போது தொடவே வேண்டாம். அதுவும் காய்ச்சலை மறைக்கும். ஏற்கெனவே திணறும் சிறுநீரகத்துக்கு வரும் இரத்தத்தையும் குறைக்கும்.

நோ இல்லை என்கிறீர்கள். கல் விழுந்துவிட்டது என்பதற்கு அது சாட்சி அல்ல. குத்து வருவது குழாய் கல்லைத் தள்ளப் பார்ப்பதாலும் உள் அழுத்தம் சட்டென்று ஏறுவதாலும். நாட்பட அடைபட்ட சிறுநீரகம் களைத்துப்போய்ப் பேசாமல் இருந்துவிடும். பல வருடம் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு நரம்பு மரத்து நோவே மந்தமாக இருக்கும். 9 மி.மீ. கல் தானாக விழும் வாய்ப்பும் அப்படியொன்றும் பெரிதல்ல. 5 மி.மீ.க்குக் குறைந்தவற்றில் மூன்றில் இரண்டு பங்கு தானாக விழும். 5க்கும் 10க்கும் இடைப்பட்டவற்றில் பாதிக்குச் சற்றுக் குறைவு. அதிலும் 9 மேல் முனையில் நிற்கிறது.

சலத்தில் கிருமி இல்லை என்ற ரிப்போட்தான் மூன்றிலும் மோசமான ஏமாற்று. இடது குழாய் முற்றாக அடைபட்டிருந்தால், போத்தலில் நீங்கள் பிடித்துக் கொடுத்தது வலது சிறுநீரகத்தின் நல்ல நீர். சீழ் கல்லுக்கு மேலே நிற்கிறது; அது சலப்பைக்கு வந்தாலல்லவா ரிப்போட்டில் தெரியும்? ஆகவே கல்லும் காய்ச்சலும் சேர்ந்திருக்கும்போது சுத்தமான சல ரிப்போட்டை யாரும் நிம்மதிப் பத்திரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சீனி வருத்தம் இந்தக் கணக்கை இன்னும் இறுக்குகிறது. சீனி கூடியவர்களின் சிறுநீரகத்தில் சில கிருமிகள் வாயுவை உண்டாக்கி, சிறுநீரகத்தையே உள்ளிருந்து அழுகவைக்கும் ஒரு வகைத் தொற்று உண்டு, சீ.டி. ஸ்கானில்தான் அது தெளிவாகத் தெரியும். முற்றினால் சிறுநீரகத்தையே அகற்ற நேரிடலாம். கர்ப்பிணிகள், ஒரே சிறுநீரகத்தோடு இருப்பவர்கள், படுக்கையில் கிடப்பவர்கள், கல் உடைத்தோ கல் எடுத்தோ இரண்டு மூன்று நாளுக்குள் காய்ச்சல் வந்தவர்கள் ஆகியோரும் இதே வரிசையில்தான்.

வாகனம் வரும்வரை சும்மா இருக்காமல் மூன்று காரியம் பாருங்கள். அம்மாவுக்குச் சொல்லாமல், நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 22 அல்லது அதற்கு மேல் என்றால் மோசம். வீட்டில் பிறஷர் மெஷின் இருந்தால் மேல் எண்ணைப் பாருங்கள். 100 அல்லது அதற்குக் கீழ் என்றால் மோசம். வழமையாக 150இல் இருப்பவருக்கு 110உம் தாழ்வுதான். "இன்றைக்குப் பிறஷர் நல்லாயிருக்கு" என்று ஏமாற வேண்டாம். கேட்ட கேள்விக்கு மாறிப் பதில் சொல்கிறாரா, தூங்கி வழிகிறாரா என்றும் பாருங்கள். இவற்றில் இரண்டு இருந்தால் செப்சிஸ் என்றே எண்ணி, எடுத்த எடுப்பில் மருத்துவரிடம் அந்த எண்களைச் சொல்லுங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் பயணத்தை நிறுத்த வேண்டாம். தொடக்கத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். கடைசியாக எப்போது, எவ்வளவு சலம் போனார் என்பதையும் கேட்டு வையுங்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணித்தியாலத்துக்கு 30 மில்லிலீற்றராவது இறங்க வேண்டும். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் மேல் குளிர்ந்து 36 பாகைக்குக் கீழே போவதும் உண்டு. அது காய்ச்சலைவிடக் கெட்டது.

கையோடு கொண்டு போக வேண்டியது: பழைய ஸ்கான் ரிப்போட், கிளினிக் கொப்பி, குடிக்கிற குளிசைகள் எல்லாம் உறையோடு. மெற்போமின், எம்பாகிளிபுளோசின் அல்லது டாபாகிளிபுளோசின், லொசார்ட்டான், எனலாபிரில் இவற்றில் எது குடித்தாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். செப்சிஸில் இவை தொடரக் கூடாதவை, நிறுத்துவதும் மாற்றுவதும் அவர்கள் வேலை. இன்சுலின் போடுபவரானால் அதை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். அஸ்பிரின், குளோப்பிடோகிறல், வார்பரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். எந்த வழியால் டியூப் வைப்பது என்ற முடிவே அதனால் மாறலாம். வழியில் சோறோ பணிசோ கொடுக்க வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருந்தால் திட உணவு இறங்கி ஆறு மணித்தியாலம் ஆக வேண்டும். மெஷினில் சீனி 70க்குக் கீழே காட்டினால் மட்டும் சீனித் தண்ணீர் கொடுங்கள். பாமசியில் கேட்டு அன்டிபயோட்டிக் வாங்கி ஒன்றிரண்டு போட்டுவிட்டுப் போகும் பழக்கத்தையும் இன்றைக்கு விடுங்கள். சலக்கடுப்புக்குத் தருகிற நைற்றோபியூரன்ரோயின் சலப்பை அளவுக்குத்தான் வேலை செய்யும், சிறுநீரகத் திசுவில் அதற்குப் போதிய அளவு சேராது. மற்றவை அரைகுறையாகக் கிருமியை அடக்கி, எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்க வைத்தியசாலையில் எடுக்கும் கல்ச்சர் சோதனையையும் கெடுத்துவிடும்.

அங்கே என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தால் பயம் குறையும். முதலில் இரத்தத்தை இரண்டு மூன்று போத்தலில் எடுப்பார்கள். அதில் கல்ச்சரும் இருக்கும்; லக்ரேற் என்ற ஒன்றும் இருக்கலாம், அது உடம்பு எவ்வளவு திணறுகிறது என்று காட்டும். ஷொக் இருந்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் ஊசி அன்டிபயோட்டிக் ஏற வேண்டும். பிறஷர் தாழ்ந்திருந்தால் கிலோவுக்கு 30 மில்லிலீற்றர் கணக்கில், 60 கிலோவுக்கு 1,800 மில்லிலீற்றர் சேலைன், முதல் மூன்று மணித்தியாலத்துக்குள் ஏற்றுவார்கள். சல டியூப் போட்டு மணிக்கு மணி அளப்பார்கள். அல்ட்ராசவுண்ட் ஸ்கான் சிறுநீரக வீக்கத்தைக் காட்டும், குழாயின் நடுப்பகுதியில் உள்ள கல்லைத் தவறவிடலாம். யூரிக் அமிலக் கல் சாதாரண எக்ஸ்-றேயில் தெரியாது. நிறமூட்டும் ஊசி இல்லாத சீ.டி. ஸ்கானில் ஏறக்குறைய எல்லாக் கல்லும் தெரியும்.

அதற்குப் பிறகு வருவதுதான் மாமியின் டியூப். அது அலைக்கழிப்பல்ல, அவர் உயிரைக் காத்ததே பெரும்பாலும் அதுதான். இரண்டு வழி உண்டு. சலவாசல் வழியாகக் கமராக் குழாயை விட்டு, கல்லைத் தாண்டி மேலே ஒரு மெல்லிய டியூப்பை ஏற்றுவது ஒன்று. தடிப்பு ஏறக்குறைய 2 மி.மீ., நீளம் 24, 26 சென்ரிமீற்றர், இரண்டு முனையும் சுருண்டிருக்கும், டி.ஜே. ஸ்டென்ட் என்பார்கள். மற்றது, முதுகுப் பக்கமாக அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, ஸ்கானில் பார்த்தபடி ஊசியால் சிறுநீரகத்துக்குள் டியூப் விட்டு வெளியே பைக்கு இறக்குவது. பிறஷர் நிற்காத, மயக்கம் கொடுக்க முடியாத நோயாளிக்கு இது வசதி. இரத்தம் உறையாதவருக்கு முதலாவது பாதுகாப்பு. எது உயர்ந்தது என்று வாதாடுவதில் பலனில்லை. அங்கே, அந்த நேரத்தில், யாருக்கு எது விரைவாகக் கைவருமோ அதுவே நல்லது.

கல்லை அப்போதே எடுத்தால் என்ன? கல்லை எடுக்க உள்ளே தண்ணீரைப் பாய்ச்சித்தான் பார்க்க முடியும். சீழ் நிறைந்த சிறுநீரகத்தில் தண்ணீரைப் பாய்ச்சினால் அழுத்தம் இன்னும் ஏறி, கிருமி மொத்தமும் இரத்தத்துக்குள் போகும். வீங்கிய குழாயின் சுவரும் நைந்த துணிபோல இருப்பதால் கிழியும். ஆகவே வடியவிட்டு, உள்ளிருந்து வந்த சீழின் கல்ச்சர் முடிவைப் பார்த்து மருந்தை மாற்றி, 7 முதல் 14 நாள் மருந்து முடித்து, பெரும்பாலும் இரண்டு மூன்று கிழமை கழித்துத்தான் கல்லுக்குக் கை வைப்பார்கள். முதல் நாளே கல்லையும் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால்தான் நீங்கள் சந்தேகப்பட வேண்டும். டியூப் வைத்த பிறகு சில மணித்தியாலம் நடுக்கம் கூடலாம். காய்ச்சல் முற்றாக விட இரண்டு மூன்று நாள் ஆகலாம். அதற்குள் "குணமில்லை" என்று துண்டு வெட்டிக்கொண்டு வேறிடம் ஓட வேண்டாம்.

முதுகில் டியூப்போடு வீடு வந்தால் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்கட்டும். மோட்டார்சைக்கிளில் ஏற்ற வேண்டாம், இழுபட்டுக் கழன்றுவிடும். பையில் நீர் இறங்குவது நின்றாலோ டியூப் கழன்றாலோ, நோ இல்லாவிட்டாலும், அன்றே போக வேண்டும். உள்ளே வைத்த ஸ்டென்டால் அடிக்கடி சலம் முட்டும், சிவப்புக் கலக்கும், சலம் போகையில் விலா இழுக்கும். இவை எதிர்பார்த்தவை. காய்ச்சல் எதிர்பார்த்தது அல்ல. ஸ்டென்டோடு நடுங்கிக் காய்ந்தால் இன்று சொன்ன அத்தனையும் மறுபடி முதலிலிருந்து.

தேங்காய்ப்பூக்கீரை, நெருஞ்சி, வாழைத்தண்டுச் சாறு பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் வீட்டில் யாராவது இந்நேரம் அவித்துக்கொண்டிருப்பார்கள் என்று தெரியும். அடைபட்ட குழாய்க்கு மேலே நீரை அதிகம் இறக்குவது அழுத்தத்தைத்தான் கூட்டும். சிறுநீரகம் தளர்ந்திருக்கும்போது இளநீரில் உள்ள பொட்டாசியமும் இருதயத்துக்குக் கெடுதி. காமரங்காய், பிலிங்காய்ச் சாறு கல்லைக் கரைக்கும் என்று குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்கள் உண்டு. அவற்றில் ஒக்சலேற் அளவுக்கு மிஞ்சி இருக்கிறது. தண்ணீருக்கும் தேசிக்காய்க்கும் உரிய காலம் கல் எடுத்த பிறகு. கச்சான் அடிக்கிற ஆனி, ஆடி மாதங்களில் வயலில் நிற்பவருக்கு மூன்று லீற்றரும் போதாமல் போகலாம். குடித்த கணக்கை விட்டு, சலம் வெளிர் மஞ்சளாக, நாளுக்கு இரண்டு, இரண்டரை லீற்றர் இறங்குகிறதா என்று பாருங்கள். எடுத்த கல்லைச் சோதனைக்குக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள், எதைக் குறைக்க வேண்டும் என்பதை அதுதான் சொல்லும். கருவாட்டையும் உப்பையும் எப்படியும் குறைக்கத்தான் வேண்டும்.

அம்மாவின் குளிர்த்திக்கு வருவோம். இன்றே வடியவிட்டு, காய்ச்சல் விட்டு, மருந்து வாய்க்கு மாறினால் ஸ்டென்டை உள்ளே வைத்துக்கொண்டே அவர் கோயிலுக்குப் போகலாம். விரதம் மட்டும் வேண்டாம், வெயிலில் நெடுநேரம் நிற்கவும் வேண்டாம். கல் எடுக்கும் திகதியை வேண்டுமானால் சடங்குக்குப் பிறகு கேட்டு வாங்குங்கள், அதற்கு இடமிருக்கிறது.

மாமிக்கு அந்த டியூப் வைத்தது எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. எடுத்தாயிற்றா என்றும் எழுதவில்லை. வழமையான ஸ்டென்ட் மூன்று மாதத்துக்கு மேல் உள்ளே கிடந்தால் அதன் மேலேயே கல் படியத் தொடங்கும். வருடக் கணக்கில் விட்டால் இழுத்து எடுக்கவே முடியாமல், அதற்கென்று தனியாகச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டிவரும். நோ இல்லை என்பதால் பலர் மறந்துவிடுகிறார்கள். வாகனத்தில் இருந்தபடியே அவருக்கு ஒரு கோல் எடுத்துக் கேளுங்கள். இன்னும் உள்ளே இருந்தால், டியூப் வைத்தபோது வைத்தியசாலையில் தந்த துண்டையும் எடுத்துக்கொண்டு இந்தக் கிழமைக்குள் கிளினிக்குக்கு வரச் சொல்லுங்கள்.